திரையும் திண்டும்

தீப்பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் படத்தை எவரும் ஒரு படமாக எண்ணிப் பார்ப்பதில்லை. குச்சிகள் தீர்ந்ததும் பெட்டி குப்பைக்குப் போகின்றது; அதன் மேலிருந்த மானும் மயிலும் சாவியும் ரயில் வண்டியும் அதனுடனேயே போகின்றன. ஆயினும் மல்லாங்கிணறு தொடங்கித் திருச்சுழி வரையிலும், மேற்கே சாத்தூர், சிவகாசி வரையிலும் பரந்து கிடக்கும் இந்த வானம் பார்த்த பூமியில், அந்தச் சின்னஞ்சிறு தாளை நம்பி உலை ஏறிய வீடுகள் பற்பல. மழை பொய்த்த ஆண்டுகளில் பருத்தியும் மிளகாயும் கைவிட்டபோது, பெட்டி ஒட்டியும் கட்டை அடுக்கியும் லேபிள் ஒட்டியும் அரை வயிற்றுக்கேனும் வழி தேடிய மக்கள் இவர்கள். ஆகவே, மேனாட்டார் ‘பாப் கலை’ என்று பெயரிட்டுப் போற்றுகின்ற ஒன்றைப் பற்றி, கரிசல் மண்ணில் இருந்துகொண்டு நாமும் நாலு வார்த்தை பேசுவதில் பிழையொன்றும் இல்லை.

‘பாப்’ என்பது ‘பாப்புலர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். வெகுமக்களுக்கு உரியது என்பது பொருள். 1956இல் இலண்டனில் ரிச்சர்டு ஹாமில்டன் என்பார், பத்திரிகை விளம்பரங்களை வெட்டி ஒட்டி ஒரு வீட்டுக் கூடத்தை அமைத்தார். டேப் ரிக்கார்டர், டெலிவிஷன், டின்னில் அடைத்த இறைச்சி எல்லாம் அக்கூடத்தில் இருந்தன. அமெரிக்காவில் ஆண்டி வார்ஹால் (1928–1987) இன்னும் ஒரு படி மேலே சென்றார். கடையில் விற்கும் கேம்பெல் சூப் டப்பாக்களை, வகைக்கு ஒன்றாக 32 படங்களில் தீட்டி, 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கலைக்கூடம் ஒன்றில், மளிகைக் கடை அலமாரிபோல் வரிசையாக நிறுத்திக் காட்டினார். அக்கம் பக்கத்து வியாபாரி ஒருவர் உண்மையான சூப் டப்பாக்களையே தம் கடை முகப்பில் அடுக்கி, ‘எம்மிடம் மலிவு’ என்று கேலி செய்தாராம். அந்த வியாபாரிக்கு மார்க்கச் சட்டம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் தொட்ட இடம் சரியான இடம். டப்பா ஒன்றே, அது இருக்கும் இடம் மாறியவுடன் அதற்குக் கிடைக்கும் மரியாதை மாறிவிடுகின்றது. இதுதான் பாப் கலையின் உயிர்நிலை.

இந்த ‘இடம்’ என்பதைப் பற்றி நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆழச் சிந்தித்திருக்கின்றனர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் அறையில் உருவங்கள் பொறித்த திரையொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதனை விரும்பவில்லை. திரை அகற்றப்பட்டது. பின்னர் அன்னையார் அத்துணியை வெட்டித் திண்டாகத் தைத்துக்கொண்டார்கள் என்று ஹதீஸ் தொகுப்புகளில் காண்கின்றோம். திண்டைக் குறித்த அறிவிப்புகளில் வேறுபாடு உண்டு. அதனால் இமாம்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பெரும்பாலான சட்டமேதைகள் இதிலிருந்து ஒரு பாகுபாட்டை வகுத்தனர். மதிக்கப்படும் இடத்தில் இருக்கும் உருவம் வேறு, மிதிக்கப்படும் இடத்தில் இருக்கும் உருவம் வேறு. இமாம் நவவீ (ஹிஜ்ரி 631–676) அவர்கள் முஸ்லிம் நூலின் விரிவுரையில், துணி, விரிப்பு, வெள்ளிக்காசு, பொற்காசு, செப்புக்காசு, பாத்திரம், சுவர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, உயிருள்ளவற்றின் உருவத்தை அமைப்பது எதன்மேல் ஆயினும் கூடாது என்கின்றார்கள். ஆனால் பயன்படுத்துவதைப் பற்றிப் பேசுகையில், சுவரில் தொங்குவதையும் காலடியில் கிடப்பதையும் பிரித்துத் தனித்தனியே தீர்ப்புக் கூறுகின்றார்கள்.

அந்தப் பட்டியலில் காசு இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. ஒரே முகத்தை ஆயிரமாயிரம் படிகளாக அடித்து ஊர் ஊராய் அனுப்பிய முதற் பொருள் நாணயந்தான். நாயகத் திருமேனியின் காலத்தில் அரபு நாட்டில் புழங்கிய பொற்காசுகள் ரோமாபுரிச் சக்கரவர்த்தியுடையவை. அவற்றில் ஹிராக்கல் மன்னரின் முகமும் படிகளின்மேல் நின்ற சிலுவையும் இருந்தன. வெள்ளிக்காசுகள் பாரசீக மன்னருடையவை. முகப்பில் முடி தரித்த கிஸ்ரா, பின்புறம் நெருப்புப் பீடம். இக்காசுகளைத்தாம் ஸஹாபாப் பெருமக்களும் கொடுக்கல் வாங்கலில் கையாண்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, உமையா கலீஃபா அப்துல் மலிக், ஹிஜ்ரி 74 அளவில் வாளேந்தி நிற்கும் தம் உருவத்தையே காசில் பொறிக்கச் செய்தார். மூன்றே ஆண்டுகளில் அது கைவிடப்பட்டு, ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–697) எழுத்து மட்டுமே பொறித்த தீனார் வெளிவந்தது. மன்னர் முகம் இருந்த இடத்தில் ஏகத்துவ வாசகம் அமர்ந்தது. அரசியல், வாணிகம், சமயம் மூன்றும் ஒரு விரல் நுனி அளவு உலோகத்தில் மோதிக்கொண்ட கதை அது. வார்ஹாலும் 1962இல் இருநூறு ஒரு டாலர் நோட்டுகளை ஒரே படத்தில் அடுக்கிக் காட்டினார் என்பதை இங்கே சேர்த்து எண்ணலாம்.

இனி, நம் வட்டாரத்துக்கு வருவோம். இந்நாட்டில் தொடக்கத்தில் எரிந்தவை சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்த தீப்பெட்டிகளே. இந்தியச் சந்தையைப் பிடிக்க எண்ணிய அந்நாட்டார், இங்குள்ள தெய்வங்களையும் யானைகளையும் தம் லேபிள்களில் அச்சிட்டு அனுப்பினர். 1894இல் இரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகம், அரண்மனைச் சுவரில் இருந்த ஓவியத்தைக் குடிசைச் சுவருக்கும் கொண்டுவந்தது. சிவகாசியிலிருந்து ஐயநாடார், சண்முகநாடார் ஆகிய உறவினர் இருவர் 1922இல் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழில் பயின்று திரும்பி, அடுத்த ஆண்டே தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். சில ஆண்டுகளில் கல்லச்சு இயந்திரங்கள் சிவகாசிக்கு வந்து சேர்ந்தன.

கல்லச்சு என்றதும் மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஒரு நெருக்கம் தோன்றும். 1796ஐ ஒட்டி ஜெர்மானியராகிய செனஃபெல்டர் கண்டறிந்த இம்முறைதான், வார்ப்பெழுத்துக்கு எளிதில் அடங்காத அரபு எழுத்தையும் நம் அரபுத்தமிழையும், எழுதியவர் கையெழுத்து மாறாமலே அச்சேற்றிக் கொடுத்தது. நடுவில் மூலமும் ஓரங்களில் சாய்ந்தும் வளைந்தும் செல்லும் விளக்கவுரைகளும் கொண்ட பழைய கிதாபுகள் அவ்வகையின. வேத விளக்கத்தைத் தந்த அதே வகைக் கல், இங்கே புலிப் படத்தையும் பூட்டுப் படத்தையும் தந்தது. கல்லுக்கு வேற்றுமை தெரியுமா?

லேபிளை அடுத்து வந்தது காலண்டர். இதில் கோவில்பட்டிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை தீட்டிய சி. கொண்டையராஜு (1898–1976) அவ்வூரில் தங்கி, மாணவர்களை உருவாக்கினார். நாடக மேடைத் திரையில் கண்ட மாளிகையும் மலையும் நீர்வீழ்ச்சியும், அம்மாணவர்களின் தூரிகை வழியே காலண்டர்த் தெய்வங்களுக்குப் பின்புலமாக வந்து நின்றன. நாடகத் திரை சுருட்டி வைக்கப்பட்டுவிட்டது. அதன் சாயல் மட்டும் இலட்சக்கணக்கான வீடுகளில் ஆணியில் தொங்கியது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதிய காலண்டர் ஆல்பம் வெளியாகும். ஏஜெண்டுகள் அதனைச் சுமந்து ஊர் ஊராகச் செல்வர். ஜவுளிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் பக்கம் பக்கமாகப் புரட்டி, முருகனில் இத்தனை, வேளாங்கண்ணி மாதாவில் இத்தனை, மக்காவில் இத்தனை என்று தம் வாடிக்கையாளர் கணக்கைப் பார்த்து ஆர்டர் கொடுப்பர். கடையின் பெயர் மட்டும் எல்லாவற்றின் அடியிலும் ஒன்றாகவே இருக்கும்.

நம் இல்லங்களுக்கு வந்த ‘மக்கா காலண்டர்’களைச் சற்று நின்று நோக்க வேண்டும். கஃபா, மதீனாவின் பச்சைக் குவிமாடம், நாகூர் மனாராக்கள், பிறை, ரோஜா மலர் இவற்றோடு நிறுத்திக்கொண்ட படங்கள் ஒரு வகை. கையேந்தி துஆ கேட்கும் குழந்தையின் படம் இன்னொரு வகை; அந்தக் குழந்தையின் வழியாகத்தான் முகம் என்பது நம் சுவரில் மெதுவாக ஏறியது. மூன்றாவது வகை, பெண் முகமும் மயில் தோகையுமாகச் சிறகு விரித்த புராக்கின் படம். வடநாட்டு வீடுகளில் இது பெரிதும் பரவியிருந்தது. யூசுஃப் சயீத் என்னும் டெல்லி ஆய்வாளர், 2012இல் வெளியான தம் ஆங்கில நூலில், இத்தகைய முஸ்லிம் படங்கள் பலவற்றை வரைந்தும் அச்சிட்டும் விற்றும் வந்தவர்களில் இந்துக்கள் மிகுதி என்பதை எடுத்துக் காட்டுகின்றார். கோவர்த்தன மலையைத் தீட்டிய கை, மறுநாள் கஃபாவின் திரைக்குப் பொன் சரிகை தீட்டியிருக்கின்றது. ஆதாரமில்லாத உருவம் என்று ஆலிம்கள் புராக் படத்தைக் கண்டித்தது நியாயமே. ஆயினும், அன்னை ஆயிஷா (ரலி) சிறுமியாக இருந்தபோது துணிச் சிறகு கட்டிய ஒரு குதிரைப் பொம்மையை வைத்திருந்ததும், சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அவர்கள் மறுமொழி கூற நாயகம் (ஸல்) அவர்கள் வாய்விட்டுச் சிரித்ததும், கண்டிப்பவர்கள் மறந்துவிடக் கூடாத செய்திகள். விளையாட்டுப் பொருளின் இடமும் வேறுதான்.

முகத்துக்கு அஞ்சிய நம் மக்கள் எழுத்துக்குத் தந்த மரியாதை அளவிறந்தது. வளைகுடா நாடுகளுக்கு நம்மவர் பிழைக்கச் சென்ற 1970களிலும் 1980களிலும், நிடோ பால்மாவு டப்பா வராத வீடு அரிது. பால்மாவு தீர்ந்த பின்னும் டப்பா போகாது. சீனி போட்டு வைக்கவும் பயன்படும். கண்ணாடி அலமாரியில், துபாய் சென்ற மகனின் அடையாளமாகவும் வீற்றிருக்கும். வார்ஹாலின் சூப் டப்பாவுக்கு நாம் பணம் கொடுத்துக் கலைக்கூடம் செல்ல வேண்டியதில்லை; நம் மாமிமார் அதனை முன்னரே செய்து முடித்திருந்தனர். ஆனால் ஒரு வேறுபாடு. அந்த டப்பாவின்மேல் அரபு எழுத்து இருந்தது. அரபு அச்சான காகிதம் எதுவாயினும் தரையில் கிடந்தால் எடுத்து முத்தமிட்டு உயரத்தில் செருகி வைக்கும் பெரியவர்களை நாம் அறிவோம். வெந்நீரில் கரைக்கவும், ஈரமில்லா இடத்தில் வைக்கவும் என்பதே அதில் எழுதியிருக்கும் வாசகம். படித்துச் சொன்னாலும் அவர்கள் அதைக் கீழே வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். அவர்களைப் பார்த்து நகைப்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை. பொருள் தெரியாத எழுத்தாயினும், இன்னதன் எழுத்து என்று தெரிந்து மதித்தார்கள்.

அடுத்து, புகழ் பெற்றோர் முகம். அமெரிக்க நடிகை மர்லின் மன்றோ 1962 ஆகஸ்டில் மறைந்ததும், வார்ஹால் அவருடைய பழைய சினிமா விளம்பரப் படம் ஒன்றை எடுத்து, பட்டுத் திரை அச்சில் ஐம்பது முறை பதித்தார். இடப்புறம் இருபத்தைந்து கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில். வலப்புறம் இருபத்தைந்து கறுப்பு வெள்ளையில், மை குறைந்து மறைந்துபோகும் தோற்றத்தில். மற்றொரு படத்தில் அதே முகத்தைத் தனியே எடுத்துப் பொன் நிறத் தளத்தின் நடுவில் வைத்தார். அவருடைய பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள்; பொற்பின்னணியில் புனிதர் முகங்கள் வரிசையாக நிற்கும் கீழைத் திருச்சபைக் கோயிலில் வளர்ந்த பிள்ளை அவர். புனிதர் இருந்த தங்கத்தில் நடிகையை ஏற்றியதன் வேர் அங்கே இருக்கின்றது. இந்த ஐம்பது முகங்களைப் பற்றிப் பெரிய பெரிய நூல்கள் எழுதியிருக்கின்றனர். அருப்புக்கோட்டைச் சாலையோரச் சுவர்களில், சிவகாசியில் அச்சான ஒரே நடிகரின் சுவரொட்டியை இருபது, முப்பதாக வரிசையில் ஒட்டியிருக்க, வெயிலில் நிறம் வெளுத்து, கடைசி நான்கை ஆடு கடித்துப் பசைக்காகத் தின்றுகொண்டிருக்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு அந்நூல்களின் உதவி அதிகம் தேவைப்படாது. நடிகரின் கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுகின்ற வழக்கமும் நம் நாட்டில் உண்டு. ஒரே முகம், ஒரே நாளில், ஓரிடத்தில் பாலபிஷேகம் பெறுகின்றது. இன்னோரிடத்தில் ஆட்டுக்கு இரையாகின்றது.

இத்தகைய கடைத்தெருப் படங்களை இந்திய ஓவியக் கூடத்துக்குள் முதலில் துணிந்து கொண்டு சென்றவர் பூபேன் கக்கர் (1934–2003). பம்பாயில் பிறந்து, கணக்குத் தணிக்கையாளராகத் தேர்ந்து, பரோடாவில் வாழ்ந்தவர். கடைகளில் விற்கும் சாமிப் படங்களை வெட்டி ஒட்டி 1965இல் அவர் பம்பாயில் கண்காட்சி வைத்தபோது பலர் முகம் சுளித்தனர். பின்னர் கடிகாரம் பழுது பார்ப்பவர், தையற்காரர், முடி திருத்துபவர் ஆகியோரை அவரவர் கடைக்குள் அமர்த்தி, பெயர்ப்பலகையோடு தீட்டினார். டப்பாவை வரைந்த வார்ஹாலினும், டப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதரை வரைந்த கக்கர் எனக்கு ஒரு படி உயர்ந்தவராகத் தோன்றுகின்றார். நம் சமூகத்தைச் சேர்ந்த எம். எஃப். ஹுசைன் (1915–2011) இளமையில் பம்பாய்த் தெருக்களில் சினிமா விளம்பரத் தட்டிகள் எழுதிப் பிழைத்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். புகழின் உச்சியில் இருந்தபோதும் அவர் நடிகை மாதுரி தீட்சித்தை வரிசை வரிசையாக வரைந்தது, அந்தத் தட்டிக் காலத்தின் தொடர்ச்சியே. எந்த இடத்தில் எந்த உருவம் என்ற கேள்வியே பிற்காலத்தில் அவரை நாட்டை விட்டு வெளியேறச் செய்தது. 2011 ஜூனில் இலண்டனில் மறைந்தார்.

வார்ஹால் 1964இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்த பிரில்லோ சோப்புப் பெட்டிகளைப் பற்றி ஒரு செய்தி உண்டு. கடையில் விற்ற மூலப் பெட்டியின் அட்டையை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி. அவரும் ஓர் ஓவியர். வயிற்றுப் பிழைப்புக்காக விளம்பர வேலை செய்தவர். தம் கைவேலை இன்னொருவர் பெயரில் கலையாகிவிட்டதை அவர் கண்ணால் கண்டார். மறு ஆண்டே இளம் வயதில் இறந்துபோனார். ஹார்வியின் பெயரையேனும் பின்னர் வந்தோர் தேடி எடுத்துவிட்டனர். நம் தீப்பெட்டி லேபிள்களை வரைந்தவர்களில் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்? காலண்டர் ஓவியர் கையெழுத்திட்டார். லேபிள் வரைந்தவருக்கு அதற்கும் இடமில்லை.

வரைந்தவருக்கே இந்நிலை எனில், ஒட்டியவரை யார் எண்ணுவார்? நூற்று நாற்பத்து நான்கு பெட்டி ஒரு குரோஸ்; குரோஸ் கணக்கில் கூலி. விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து ஒலி எழுப்பும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் ஏறிக்கொள்வர். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் அவர்களின் பெயருக்கு நேரே வெற்றிடந்தான். வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள், எழுத்துத் தெரியாமலே ஒரு நாளைக்குப் பல்லாயிரம் எழுத்துகளை ஒட்டி வளர்ந்த ஒரு தலைமுறை இவ்வட்டாரத்தில் தாயும் தந்தையும் ஆகிவிட்டிருந்தது.

இன்று மெல்லிய அட்டையிலேயே படம் அச்சாகி வருகின்றது. ஒட்டும் வேலை பெரிதும் ஒழிந்தது. பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்த பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆயிற்று. சீன லைட்டர்கள் வந்து குவிந்து, 2023இல் இருபது ரூபாய்க்குக் குறைந்தவற்றின் இறக்குமதியை அரசு தடை செய்ய நேர்ந்தது. பழைய லேபிள்களையோ, நகரங்களில் சேகரிப்போர் விலை கொடுத்து வாங்கிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கின்றனர். திண்டு மீண்டும் திரையாகின்றது.

ஜனவரி மாதம் வந்தால் எங்களுக்கு ஒரு வேலை உண்டு. சாதாரணக் காலண்டர் அட்டை பிள்ளைகளுக்குப் பரீட்சை அட்டையாகும், அல்லது தண்ணீர்ப் பானைக்கு மூடியாகும். மக்கா படம் போட்ட அட்டையை அப்படிச் செய்ய எவருக்கும் மனம் வராது; கிழிந்த குர்ஆன் தாள்களைச் சேர்க்கும் பள்ளிவாசல் சாக்கில் கொண்டுவந்து போட்டுவிடுவர். நாங்கள் அவற்றைப் பிரித்து அடக்கம் செய்வோம். அவற்றின் அடியில் ஜவுளிக்கடை விளம்பரமும் நகைக்கடைத் தொலைபேசி எண்ணும் இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் கத்தரித்து எடுத்துவிடலாமா என்று ஓதும் பிள்ளைகள் கேட்கின்றனர். வேண்டாம், சேர்த்தே புதையுங்கள் என்று சொல்லியிருக்கின்றேன்.